கண்ணாடி முன்னால் வாதாடாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. உயரம் 158 செ.மீ., எடை 38 கிலோ. ‘தொடை பெருத்துவிட்டது’ என்று அழுகிறாள். ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து அரை மணி நேரம் வைத்திருக்கிறாள். எடை மெஷினைக் காட்டினாலும் நம்பமாட்டேன் என்கிறாள். அடம்பிடிக்கிறாளா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் படுகிறது. நம் உடம்பு எவ்வளவு அகலம் என்று மூளை தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் மகளுக்கு இருப்பது அனோரெக்சியாவாக இருக்கலாம்; சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடம்பு ஆபத்தான அளவுக்கு இளைக்கும் மனநோய் அது. இதில் உடம்பு இளைத்தாலும் அந்தக் கணக்கு குறைவதில்லை. 2013-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் உள்ள பெண்களைக் கதவுபோன்ற இடைவெளிகள் வழியே நடக்கவிட்டார்கள். மற்ற பெண்கள், இடைவெளி தங்கள் தோளைவிட 25 சதவீதம் அகலமாக இருக்கும்வரை உடம்பைத் திருப்பி நுழைந்தார்கள். இவர்களோ 40 சதவீதம் அகலம் இருந்தும் திருப்பினார்கள். கவனம் வேறு வேலையில் இருந்தபோதே கால்கள் இப்படி நடந்தன. இதை எடை மெஷினை வைத்து எப்படி மாற்றுவீர்கள்? வாதாடாதீர்கள், போட்டோ எடுத்துக் காட்டாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லாரும் ‘குண்டாகிவிட்டேன்’ என்று சொல்வதில்லை. ‘வயிறு உப்புகிறது, சாப்பாடு இறங்கவில்லை’ என்று மட்டுமே சொல்கிறவர்களை இந்தியாவிலும் ஹாங்காங்கிலும் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், மறுபடி எண்டோஸ்கோப்பி என்று அலைந்தே மாதங்கள் போய்விடும். குண்டாகிவிடுவோம் என்ற பயம் இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. உங்கள் மகள் நாளைக்கு வயிற்றைக் காரணம் சொல்ல ஆரம்பித்தாலும், நோய் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் ‘நியூட்ரிஷன் கோச்’களை வீட்டுப் பக்கமே சேர்க்காதீர்கள். உடம்பு இளைக்க ஷேக் விற்கிற அதே ஆள்தான் எடை கூட்டும் பவுடரும் விற்கிறார். பசியைத் தூண்டும் என்று விற்கப்படும் பெயர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. முகம் உப்பும், எடை ஏறியதுபோல் தெரியும், நோய் அப்படியே இருக்கும்.

ஒரே நாளில் வற்புறுத்தி நிறைய ஊட்டவும் வேண்டாம். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று உணவு சேர்ந்தால், ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். இந்த வாரமே பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துவிட்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அன்றைக்கே அட்மிட் செய்ய வேண்டும். மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் ‘இது நோயா, டயட்டா’ என்று கேட்டு கிளெய்மை இழுத்தடிக்கிறார்கள். எத்தனை வருடம்தான் இதையே சொல்வது! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிகிச்சைக்கு யாரிடம் போவதென்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.