விடுமுறை முடிந்தபின் குட்டியை யார் பார்ப்பது?

கேள்வி: அயல் வீட்டு நாய் போட்ட குட்டிகளுக்கு இப்போது ஐந்து கிழமை. மார்கழி விடுமுறையிலேயே ஒன்றைக் கொண்டுவர வேண்டுமென்று பிள்ளைகள் (வயது 6, 9) ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் மாமி மட்டும் இருப்பா. வளவுக்கு வேலி உண்டு. எடுக்கலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: எடுக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். விளையாட்டில் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவையிடமும்தான் பழகும். எட்டுக் கிழமை முடியட்டும்.

அதற்கு முதல், மாமியிடம் கேட்டீர்களா? பள்ளிக்கூடம் தொடங்கியதும் குட்டி அவவின் தலையில்தான். மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு தரம் சாப்பாடு, ஆறு மாதம் வரை மூன்று தரம், பிறகு இரண்டு. தூங்கி எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே விட வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது. இரவிலும் யாராவது எழும்பத்தான் வேண்டும். மாமி சம்மதித்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் வளவில் ஏதாவது குட்டி இரத்தமாகக் கழிந்து செத்ததா? அது பார்வோ வைரசாக இருந்திருக்கலாம். நிழலான ஈர மண்ணில் அது ஒரு வருடம்கூடக் கிடக்கும். சீமெந்துத் தரையென்றால் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடலாம். கல்லடி மணலை என்ன செய்வது? ஊசிகள் முடியாத குட்டியை அங்கே விடாமல் இருப்பதுதான் வழி.

முதல் தடுப்பூசி 6–8 கிழமையில். பிறகு 3–4 கிழமைக்கு ஒன்றாக, 16 கிழமை ஆகும்வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரு ஊசியோடு நிறுத்தினால் காப்பு இல்லாமல் போவது இதனால்தான். மாரியில் வெள்ளம் நிற்கும் ஊர் என்பதால் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

பூச்சிக் குளிசை இரண்டு கிழமை வயதிலிருந்தே தேவை; தாயிடமிருந்தே பூச்சி வந்துவிடும். 12 கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம், எடை பார்த்து. இது பிள்ளைகளுக்காகவும்தான்: கொக்கிப்புழுவின் குஞ்சுகள் மணலில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலுக்குள் புகுந்து, சிவந்த கோடாக ஊர்ந்து அரிக்கும். மலத்தை அன்றன்றே அள்ளுங்கள்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசாதீர்கள், நக்கினால் நஞ்சு. காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது. மீந்த கறியும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

பெண்குட்டி என்றால் கருத்தடைக்கு ஆறு மாதமளவில் ஆயத்தமாகுங்கள். சினைப்பட்டால் ஏறத்தாழ 63 நாளில் நீங்களும் அயலில் குட்டி கொடுக்க ஆள் தேடுவீர்கள்.

கேள்வி: பத்துக் கிழமைக் குட்டி மகனின் கையைப் பல்லால் கீறிவிட்டது. குட்டிதானே, விசர் இருக்குமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: குட்டிக்கும் விசர் வரும். அதற்கான ஊசி வழமையாக 12 கிழமையில்தான் போடப்படும், ஆகவே உங்கள் குட்டிக்கு இன்னும் காப்பு இல்லை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஊசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். குட்டியைக் கட்டி வைத்துக் கவனியுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.