கவிதைத் தொகுப்பை ஒரே சமயத்தில் பல பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா? பதிலுக்கு எவ்வளவு காலம் காத்திருப்பது?

தாராளமாக அனுப்பலாம். ஆறு மாதம் கழித்துப் பதில் போடும் பதிப்பகங்களும் உண்டு, பதிலே போடாதவையும் உண்டு. ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் கவிதைகளுக்கு நரை விழுந்துவிடும். வேறு இடங்களுக்கும் அனுப்பியிருப்பதை மின்னஞ்சலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களுக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள். வேறெங்கும் அனுப்பக் கூடாது என்று விதி வைத்திருக்கும் பதிப்பகங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஒரு சிறு பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளை முதலில் வாசித்துக் கருத்துச் சொல்பவன் நான். பெரும்பாலானவை அதுவரை எழுதிய அத்தனையையும் அள்ளிப் போட்டவை. காதல், சமூகம், இயற்கை என்று பிரிவுகள். நடுவே நண்பரின் மகளுக்கு எழுதிய திருமண வாழ்த்து. எல்லா வரிகளும் பக்கத்தின் நடுவில், அடியில் ஒரு ரோஜாப் படம். போதாக்குறைக்கு, புத்தகம் உறுதியாகும் முன்பே மூன்று அணிந்துரைகள்! அணிந்துரையைப் பார்த்து யாரும் கவிதையைத் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் மூன்று கவிதைகள், நடுவில் எங்காவது ஒன்று, கடைசிக் கவிதை ஆகியவற்றைப் படிப்பேன். அவற்றில் ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தினால்தான் முழுவதையும் வாசிப்பேன்.

ஆகவே பாதியை வெட்டுங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாகத்தான், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிகளாகத்தான் அச்சாகிறது. நான்கைந்து ஃபாரம், அதாவது 64 அல்லது 80 பக்கம், கவிதைத் தொகுப்புக்குத் தாராளம். கோப்பு ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டியது எங்கள் கணினியில் திறந்தால் புரியாத குறியீடுகளாகக் கொட்டும். கூடவே ஒரு பிடிஎஃப் அனுப்புங்கள், வரி உடைப்பு நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும்.

மறுப்பு வந்தால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், உடனே கவிதையைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த ஆண்டுக்கான கவிதை நூல்கள் ஏற்கெனவே முடிவாகியிருக்கலாம். ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த அமெரிக்கக் கவிஞர் ஈ.ஈ. கம்மிங்ஸையே 14 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1935இல் அம்மா கொடுத்த பணத்தில் அந்தத் தொகுப்பை வெளியிட்டு, அதற்கு 'நோ தேங்க்ஸ்' என்று பெயர் வைத்து, 14 பதிப்பகங்களின் பெயர்களையும் அஸ்திக் கலச வடிவில் அச்சிட்டு அவர்களுக்கே சமர்ப்பணம் செய்தார். அந்தக் குசும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சொந்தப் பணத்தில் போடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு "தேர்வு செய்திருக்கிறோம்" என்று கடிதம் கொடுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அது அச்சகச் சேவை. எத்தனை பிரதிகள், யார் விற்பார்கள், விற்காதவை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமை உங்கள் பெயரில் இருக்கட்டும், வெளியிடும் உரிமையை மட்டும் சில ஆண்டுகளுக்குக் கொடுத்தால் போதும்.