கம்பத்தில் கட்டிய பிறகு

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். துறைமுகத்தில் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். வீட்டில் மனைவியும் மகளும் மட்டும். போன வாரம் ராத்திரி பக்கத்து வீட்டுக் கதவை நெம்பி ஒருவன் உள்ளே வந்துவிட்டான். பிடித்துக் கம்பத்தில் கட்டி, தெருவே சேர்ந்து வெளுத்துவிட்டோம். இப்போது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் இரும்புக் குழாய் வைத்திருக்கிறேன். வீடு புகுந்து வருகிறவனை அடித்துக் கொன்றால் தப்பா? அமெரிக்காவில் சுடவே விடுகிறார்களே! திருடனுக்கு என்ன மனித உரிமை?

கி.

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்? நீங்கள் ஷிஃப்டுக்குப் போகும் ராத்திரிகளில் அவருக்குத் தூக்கம் வருகிறதா? அந்தப் பயம் நியாயமானது. முதலில் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள்.

சட்டமும் அந்தப் பயத்தை மதிக்கிறது. இருட்டிய பிறகு வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க, வேறு வழியில்லை என்றால் அவன் உயிர் போகும் அளவுக்கு எதிர்க்கவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 41வது பிரிவு உரிமை தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 103. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்று 37வது பிரிவு சொல்கிறது. மகள் படுத்திருக்கும் அறைக்குள் கத்தியோடு வருகிறவனைக் குழாயால் அடித்து அவன் செத்துப்போனால், உங்களைக் கொலைகாரன் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவை விடுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போனீர்களே, கம்பத்தில் கட்டி வெளுத்தோம் என்று, அதற்காகத்தான் எழுதுகிறேன். இப்படி அடிக்கிற வீடியோக்களை யாராவது எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்து அறுக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருந்த ஸ்டோர் வீட்டு வாசலில், நான் சிறுமியாக இருந்தபோது, ஒரு பையனைக் கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். எடுத்தது ஒரு பித்தளை அண்டா. அந்த அண்டா வீட்டுக்குள் திரும்பிப் போய், புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்தும் ஆயிற்று. வெளியே அடி நிற்கவில்லை. அண்டாக்காரம்மா அவனைத் தொடவே இல்லை. அடித்தவர்கள் எல்லாம் வழியே போனவர்கள். மில்லுக்குப் போகிற எதிர்வீட்டுக்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். டிபன் கேரியரைத் திண்ணையில் வைத்தார். "இன்னா எடுத்தான்?" என்றுகூடக் கேட்காமல் பளார் பளார் என்று இரண்டு அறை விட்டார். கேரியரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடம் திறந்தால் எங்களுக்கு நோட்டு வாங்கித் தருகிறவர்.

கை கட்டப்பட்டவனைப் பார்த்து உங்களுக்கு என்ன பயம், தம்பி? கயிற்றில் முடிச்சு விழுந்ததோடு தற்காப்பு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் விழுந்த ஒவ்வொரு அடியும் குற்றம். உங்களுடையதும்தான். பிடித்தவனைத் தாமதிக்காமல், அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. ஒரு போன் போட்டால் போதும். நீங்கள் போன் போடுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் அடித்தீர்கள்?

நமக்கு வடக்கே பழவேற்காட்டில், 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்த வதந்தியை நம்பி ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற யாரைக் கேட்டாலும் நான் ரெண்டு அடிதான் போட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆளுக்கு ரெண்டு அடி போதும், ஒரு உயிர் போய்விடும். யாருடைய அடியில் போனது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். இந்த நிம்மதிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திருடனுக்கு என்ன மனித உரிமை என்று தண்டையார்பேட்டைக்காரர் கேட்கலாமா? வடசென்னை என்று ஊர்ப் பேரைச் சொன்னதும் சந்தேகத்தோடு முகம் மாறுகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லையா? ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் தெரியாத தெரு வழியாக நீங்கள் வரும்போது எவனாவது "திருடன்" என்று கத்தினால், எந்த உரிமையைக் கேட்பீர்கள்?

ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம்தான். காவலுக்கு இருக்கும் போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பையனைப் போய்ப் பாருங்கள். கை கால் சரியாக இருக்கிறதா, அவன் வீட்டிலிருந்து யாராவது வந்தார்களா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா