தோப்பை விற்க வேண்டாம், அண்ணா

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தகப்பனார் மகளோடு வந்திருந்தார். நீட்டில் இரண்டாம் முறையும் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்று பெருந்துறை மைத்துனர் நெருக்குகிறாராம். தென்னந்தோப்பில் பாதிக்கு முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மிணி தன் நோட்டைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டியடியில் ரத்தம் காய்ந்ததுபோல் படர்ந்திருந்த கறையைச் சுரண்டி, பள்ளி நுண்ணோக்கியில் பார்த்து வரைந்திருக்கிறாள்: உருண்டைச் செல், நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு கணிகம், அதாவது ஒளியை உணவாக்கும் உறுப்பு.

அது போர்ஃபைரிடியமாக இருக்கலாம், அண்ணா. ஒற்றைச் செல் சிவப்பு நுண்பாசி. ஈரமண், சுவரடி, கடல்நீர் எங்கும் வளரும். கெட்டியான செல்சுவர் கிடையாது; தன்னைச் சுற்றி வழவழப்பான கூட்டுச்சர்க்கரையைச் சுரந்துகொள்ளும். வளர்க்கிற தண்ணீரே நாளடைவில் கஞ்சிபோல் தடித்துவிடும். முகப்பூச்சுக் கம்பெனிகள் தேடுவது அதைத்தான். அதன் சிவப்போ ஃபைகோஎரித்ரின் என்ற புரதம். பச்சை ஒளியை விழுங்கி ஆரஞ்சாக ஒளிரும். எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தத்தில் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும்போது, அவற்றைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் ஒட்டி அடையாளம் காட்டுவதில் இந்த வகைச் சாயமும் ஒன்று. திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சாயத்தின் அருமையை நான் சொல்ல வேண்டுமா! இதன் மரபணுத் தொகுதியை 2013-இல் வெளியிட்டுவிட்டார்கள். படிக்க வேண்டியது இன்னும் மலையளவு கிடக்கிறது.

கோவை அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் இருக்கிறது. செலவு உங்கள் தோப்பைத் தொடாது. பி.எஸ்சி. முடித்த கையோடு வேலை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், எம்.எஸ்சி. வேண்டும், மத்திய அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சிலான சி.எஸ்.ஐ.ஆரின் தேர்வு வேண்டும். தேறினால் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், 2023 முதல். கடற்பாசி ஆராய்ச்சிக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலேயே மத்திய அரசு நிலையம் உண்டு. பாசிப்பண்ணை வைக்கலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். வளர்ப்பது சுலபம், வேற்றுப்பாசி கலக்காமல் காப்பதும் சாயத்தைச் சுத்தமாகப் பிரிப்பதும்தான் பணத்தைத் தின்னும்.

மைத்துனர் கோபிப்பார், கோபிக்கட்டும். நோட்டு முழுக்கப் பாசி வரைந்து வைத்திருக்கிற பெண்ணை, அவளுக்கு ஒட்டாத படிப்பில் கடன் சுமந்து தள்ளாதீர்கள். தோப்புக்கு வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லூரி விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள்.