கேளுங்க, சொல்றோம்: கோடி ஃபீஸ் வக்கீல்

கேள்வி: பையன் கோயமுத்தூர்ல சட்டம் படிக்கிறானுங்க. அமெரிக்காவுல ஒரே கம்பெனியால பாதிக்கப்பட்ட ஆயிரம் பேருக்குச் சேத்து கேஸ் நடத்தி வக்கீலுங்க கோடியில சம்பாதிக்கிறாங்களாமே, இங்க முடியுமுங்களா? – ஒரு அம்மா, காங்கேயம்

பதில்: அங்க ஜெயிச்சா நஷ்டஈட்டுல பெரும்பாலும் மூணுல ஒரு பங்கு ஃபீஸ், தோத்தா ஒண்ணும் கிடையாதுங்க. இங்க அப்படிப் பங்கு பேசவே, வக்கீலுங்களக் கட்டுப்படுத்துற பார் கவுன்சிலோட விதி விடாது. போபால்ல 1984ல விஷவாயு கசிஞ்ச கேஸ 1989ல 47 கோடி டாலருக்கு அரசாங்கமே பேசி முடிச்சுது, தலைக்குப் பிரிச்சா என்னத்த வரும்? நம்ம நொய்யல் ஆத்துல திருப்பூர் சாயத்தண்ணி கலந்த கேஸையே எடுத்துக்குங்க, ஒரு விவசாயி கிணத்துத் தண்ணிய பாட்டில்ல கொண்டாந்து எங்கிட்ட காட்டுனாரு, அடியில உப்பு படிஞ்சு கெடந்துச்சு, அந்த விவசாயிங்கெல்லாம் வருசக்கணக்கா அலைஞ்சு 2011ல தான் ஐகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு. லேப் ரிப்போர்ட்டும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் உக்காந்து படிக்கிற பொறுமை இருந்தா பையன் வரட்டுமுங்க. ஆனா மொதல்ல ஒரு சீனியர்கிட்ட மோட்டார் விபத்து கேஸ் பழகட்டும், சோறு அதுலதான்.