பேஸ்மென்ட்டில் படுக்கையறையா? முதலில் ஜன்னலைத் திறந்து அளந்து பாருங்கள்

அமெரிக்காவில் பேஸ்மென்ட்டை அறையாக மாற்றுகிறவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: பேஸ்மென்ட்டில் மாமியாருக்கு அறை தடுக்கிறோம். மாடிப்படி பக்கத்திலேயே இருக்கிறதே, அவசர ஜன்னல் எதற்கு?

பதில்: தீப்பிடித்தால் நம்ப முடியாதது அந்தப் படியைத்தான். கீழே பற்றினால் புகை அது வழியாகத்தான் மேலே ஏறும். மேலே பற்றினால் நீங்கள் ஏறிப் போவதே நெருப்புக்குள். அதனால்தான் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் ஐ.ஆர்.சி. (International Residential Code) என்ற வீடு கட்டும் விதிகள், படுக்கையறையிலிருந்து நேரே வெளியேற ஒரு வழி வேண்டும் என்கின்றன. ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வயதானவருக்கு அது கிட்டத்தட்ட நெஞ்சு உயரம். விதி அனுமதிக்கிறதே என்று விடாமல் முடிந்தவரை தாழ்த்தி வையுங்கள்.

கேள்வி: 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம் இருந்தால் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில்: சரியில்லை. அடிக்கடி பார்க்கும் தவறு இது. அகலம் 20க்கும் உயரம் 24க்கும் குறையக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டையும் பெருக்கினால் 480 சதுர அங்குலம், அதாவது வெறும் 3.3 சதுர அடி. விதி கேட்பது 5.7 சதுர அடி. தரைமட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்கும் ஜன்னலுக்கு 5 சதுர அடி இருந்தாலே போதும் என்ற சலுகை உண்டு. உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், இடமிருந்தால் 5.7ஐயே வையுங்கள். உயரம் 24 என்றால் அகலம் 34க்குச் சற்று மேல் வேண்டும்.

அளக்க வேண்டியது ஜன்னலின் மரச்சட்டத்தையோ உலோகச் சட்டத்தையோ அல்ல, திறந்தபின் கிடைக்கும் வெற்றிடத்தை. ஜன்னலை முழுக்கத் திறந்து, உள்விளிம்புக்கு உள்விளிம்பு டேப்பைப் பிடியுங்கள். 48 அங்குல ஸ்லைடிங் ஜன்னலில் 24 அங்குலம்கூடத் தேறாது, பாதியைக் கண்ணாடி அடைத்துக்கொள்ளும். கதவுபோல் திறக்கும் கேஸ்மென்ட் ஜன்னல்தான் என் தேர்வு. முதுகில் காற்று சிலிண்டரோடு தீயணைப்பு வீரர் அதே வழியாக உள்ளே வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: ஜன்னல் தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், அதற்கு வெளியே 5 அடி ஆழக் குழி. ஏணி அவசியமா?

பதில்: அவசியம். ஆழம் 44 அங்குலத்தைத் தாண்டினால் நிலையான ஏணியோ படியோ வேண்டும்; ஏணியின் படிகளுக்கு நடுவே 18 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. குழியின் பரப்பு 9 சதுர அடிக்கும், அகலமும் சுவரிலிருந்து வெளியே நீளும் அளவும் தலா 36 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. கேஸ்மென்ட் கதவு ஏணியில் இடிக்காமல் முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் ஜல்லி போட்டு வடிகாலோடு இணைக்காவிட்டால் ஒரு கனமழையில் குழி தொட்டியாகிவிடும்.

கேள்வி: திருட்டுக்குப் பயந்து குழி மேல் கம்பி மூடி போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். ஒரு வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, மூடியில் மட்டும் சைக்கிள் பூட்டு தொங்கியது. அந்த அறையில் தூங்கியது பள்ளிக்கூடப் பையன். அன்றே கழற்ற வைத்துவிட்டுத்தான் வந்தேன். பனி குவிந்த நாளிலும் மூடி எழும்புகிறதா என்று, அங்கே தூங்குகிறவர் கையாலேயே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சுவரை நாங்களே வெட்டலாமா?

பதில்: வேண்டாம். அது வீட்டையே தாங்கும் சுவர். பொறியாளர் சொல்லும் லிண்டல், நகராட்சி பெர்மிட், குழி தோண்டுமுன், நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் போகும் இடத்தைக் குறித்துத் தரச் சொல்லி 811க்கு ஒரு போன். மூன்றும் முடிந்தபிறகு ஆளை வரச் சொல்லுங்கள்.