பாட்டி நாளைக்கு வருவாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு நான்கு வயது. நாளெல்லாம் அவளோடு விளையாடிய பாட்டி சில மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். பழையபடி நடமாடுவார் என்று மருத்துவர்கள் உறுதி சொல்லவில்லை. "பாட்டி நாளைக்கு விளையாட வருவாங்களா?" என்று மகள் கேட்கும்போதெல்லாம், அவள் மனம் உடையக் கூடாதே என்று "வருவாங்க" என்கிறேன். பாட்டியிடம் அன்பாக நடந்துகொண்டால் மிட்டாய் தருவதாகவும் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். நம்பிக்கையையும் பரிவையும் இந்த வயதில் எப்படிப் புரியவைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

"நாளைக்கு வருவாங்க" என்ற பதிலை இன்றே நிறுத்திவிடுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு நாளை என்பது தூங்கி எழுந்ததும் வருவது. ஒவ்வொரு காலையும் அவள் போய்ப் பார்க்கிறாள், பாட்டி எழுந்திருக்கவில்லை. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் நம்பிக்கையை அந்தப் பதில்தான் நாள்தோறும் கரைக்கிறது.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பொருந்தும். 3 முதல் 5 வயது வரையிலான 28 குழந்தைகளிடம், படம் வரைவதற்கு இன்னும் நல்ல பொருட்களைக் கொண்டுவருவதாகப் பெரியவர் ஒருவர் சொல்லிச் சென்றார். பாதிப் பேருக்கு அவற்றைக் கொண்டுவந்தார், மற்றவர்களிடம் இல்லையென்று கைவிரித்தார். பிறகு ஓர் இனிப்பை முன்னால் வைத்து, தான் திரும்பும்வரை உண்ணாமல் இருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்களும், ஏமாந்தவர்கள் 3 நிமிடங்களும் காத்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான்; ஆனாலும், குழந்தையின் நம்பிக்கை பெரியவர்களின் சொல்லை ஊன்றுகோலாகப் பற்றியே எழுந்து நிற்கிறது என்ற என் எண்ணத்தை அது உறுதிப்படுத்துகிறது.

ஆகவே, உங்கள் கையில் இல்லாததை வாக்களிக்காதீர்கள். கையில் இருப்பதை வாக்களித்து, அதைத் தவறாமல் நிறைவேற்றுங்கள். "பாட்டிக்கு உடம்பு முடியல. எப்ப எழுந்து வருவாங்கன்னு எங்களுக்கும் தெரியல. டாக்டர் மருந்து கொடுக்கிறார். சாயங்காலம் நாம ரெண்டு பேரும் போய்ப் பாட்டிக்குக் கதை சொல்லலாம்" என்று சொல்லுங்கள், சாயங்காலம் எந்த வேலை இருந்தாலும் போய்விடுங்கள். தான் செய்த குறும்பால்தான் பாட்டிக்கு நோய் வந்தது என்று இவ்வயதுப் பிள்ளைகள் தமக்குள் முடிவுகட்டிக்கொள்வதுண்டு. அவள் கேட்காவிட்டாலும், "உன்னால இல்லை" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உண்மையைக் கேட்டு அவள் அழுதால், அழுகையை நிறுத்துவதற்காக இன்னொரு வாக்குறுதியைக் கொடுத்துவிடாமல், அழுது முடிக்கும்வரை அணைத்துக்கொண்டு உடன் இருங்கள்.

மிட்டாய் வேண்டாம். பெரியவர் கைதவறிப் போட்ட பொருளைப் பதினெட்டு மாதக் குழந்தைகள் யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுப்பதை வார்னெகன், டொமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். 2008இல் அவர்கள் செய்த மற்றோர் ஆய்வில், உதவியதற்குப் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு பெறாதவர்களைவிடப் பின்னர் குறைவாகவே உதவினார்கள். உங்கள் மகளிடமும் அந்த விருப்பம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஒரு வேலைதான் வேண்டும். தலையணையை எடுத்துத் தரட்டும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கட்டும். தனக்குப் பிடித்த பொம்மையைப் பாட்டியின் பக்கத்தில் அவள் வைத்தால் அதை அங்கேயே இருக்கவிட்டு, "பாட்டி முகத்தைப் பார், இப்ப அவங்களுக்கு என்ன வேணும்னு தோணுது?" என்று கேளுங்கள். தன் விருப்பமும் பாட்டியின் விருப்பமும் வேறு என்று உணர்வதில்தான் பரிவு கனிகிறது. அது மெல்ல வருவது. பாட்டியின் அறைக்குப் போக அவள் மறுக்கும் நாளில் வற்புறுத்த வேண்டாம்.

வீட்டிலுள்ள மற்ற பெரியவர்களிடமும் இன்றே பேசிவிடுங்கள். நீங்கள் தெரியவில்லை என்று சொல்லும்போது வேறொருவர் "நாளைக்கு வந்துடுவாங்க" என்று தேற்றினால், குழந்தை யாரை நம்புவாள்?